அகவிலைப்படி இல்லாதவங்க கையில என்ன இருக்கு?

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல நடந்த ஒரு சின்ன விஷயத்துல இருந்து இன்னைக்கு எபிசோடைத் தொடங்குறேன்.

எங்க சித்தப்பா மத்திய அரசு வேலையில இருக்கார். வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஜனவரிக்கு ஒண்ணு, ஜூலைக்கு ஒண்ணுன்னு அவருக்கு டி.ஏ. மாறும். இந்தத் தடவை அறிவிப்பு வந்ததும் செய்தியை குரூப்ல போட்டார். எல்லாரும் கைதட்டுனாங்க. எங்க அத்தை மட்டும் ஒரு வாய்ஸ் நோட் அனுப்பினாங்க. அவங்க இட்லிக் கடை வெச்சிருக்காங்க. "உளுந்து ஏறுது, எண்ணெய் ஏறுது, கேஸ் ஏறுது. எனக்கு யாருடா குடுப்பா டி.ஏ.?"

குரூப்ல எல்லாரும் சிரிச்சுட்டு அடுத்த ஃபார்வர்டுக்குப் போயிட்டாங்க. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே சுத்திக்கிட்டு இருந்துச்சு. தோண்டிப் பார்த்தா, இந்தியாவோட எண்பது வருஷ விலைவாசி வரலாறே அந்த ஒரு கேள்விக்குள்ள இருக்கு.

டி.ஏ.வுக்குத் தமிழ்ல என்ன பேர்? அகவிலைப்படி. அகவிலைன்னா பழைய தமிழ்ல தானியத்தோட விலை. படின்னா சம்பளத்துக்கு மேல தர்ற தொகை, பயணப்படின்னு சொல்றோமே, அந்தப் படி. ஆக, நெல்லு விலை அரிசி விலை ஏறினா அதுக்கு ஈடா தர்ற காசு. இரண்டாம் உலகப் போர் நேரத்துல உணவு விலை தாறுமாறா ஏறினப்போ ஊழியர்களுக்குக் கொடுக்க ஆரம்பிச்ச படிதான் இன்னைக்கு வரைக்கும் தொடருது.

இப்போ இன்னொரு விஷயம். 1960-ல இருந்து எடுத்துப் பார்த்தா, இந்தியாவுல சராசரி பணவீக்கம் வருஷத்துக்கு ஏழு, ஏழரை சதவீதம். சுதந்திரத்துக்கு அப்புறம் ரொம்ப மோசமான வருஷம் 1974. அப்போ நுகர்வோர் விலைகள் ஒரே வருஷத்துல ஏறக்குறைய 28 சதவீதம் ஏறுச்சு. நம்ம உச்சம் அவ்வளவுதான். இதே காலத்துல பிரேசில், அர்ஜென்டினா மாதிரி நாடுகள் ஆயிரக்கணக்கான சதவீதத்தைப் பார்த்தாச்சு. நாம அவங்களை விட ஏழை நாடு. போர் வந்துச்சு, பஞ்சம் மாதிரி வறட்சி வந்துச்சு, அரசாங்கம் வரவுக்கு மேல செலவு பண்ணுச்சு, பெட்ரோல் வெளியில இருந்து வாங்குறோம். பொருத்திப் பார்த்தா நம்ம ஊர்லயும் பணம் குப்பைக் காகிதமா மாறியிருக்கணும். ஏன் மாறலை?

1943: வோட்டு இல்லாத காலம்

முதல்ல, எது நடந்திருக்கலாம்னு பார்க்க 1943-க்குப் போகணும்.

போர் நேரத்துல பிரிட்டன் இந்தியாவுல ஏகப்பட்ட செலவு பண்ணுச்சு. ராணுவத்துக்குத் துணி, தானியம், இரும்பு, கூலி எல்லாமே இங்க வாங்கினாங்க. அதுக்கு எப்படிக் காசு கொடுத்தாங்கங்கிறதுதான் முக்கியம். லண்டன்ல இந்தியா பேர்ல ஸ்டெர்லிங் பவுண்டுகளைக் கணக்குல வரவு வெச்சாங்க. அந்த வரவை ஆதாரமா வெச்சு, இங்க ரிசர்வ் வங்கி ரூபாய் நோட்டு அடிச்சுக் கொடுத்துச்சு. பவுண்டு லண்டன்ல தூங்குது, ரூபாய் இங்க சந்தையில ஓடுது, பொருள் மட்டும் போருக்குப் போகுது. 1939-க்கும் 1945-க்கும் நடுவுல புழக்கத்துல இருந்த நோட்டு ஆறு மடங்குக்கு மேல ஏறுச்சு.

கல்கத்தாவுல 1942 டிசம்பர்ல இருந்த அரிசி விலை, 1943 மே மாசத்துக்குள்ள ரெண்டு மடங்கைத் தாண்டிடுச்சு. கல்கத்தா தொழிற்சாலைகள்ல, அரசு அலுவலகங்கள்ல வேலை பார்த்தவங்களுக்கு முதலாளிகள் மூலமா சலுகை விலையில அரிசி கிடைச்சுது. கிராமத்துல இருந்த விவசாயக் கூலிக்கு, மீனவருக்கு, படகோட்டிக்கு? அவங்க கூலி அரிசி விலை கூட ஓட முடியலை. இறந்தவங்க எண்ணிக்கையை ஏறக்குறைய 30 லட்சம்னு மதிப்பிடுறாங்க.

பொருளாதார நிபுணர் அமர்த்தியா சென் 1981-ல வெளியிட்ட தன்னோட புத்தகத்துல சொன்ன வாதம் இதுதான்: வங்காளத்துல அந்த வருஷம் தானியம் திடீர்னு காணாமப் போயிடலை, அதை வாங்குற சக்திதான் ஒரு பகுதி மக்கள்கிட்ட இருந்து காணாமப் போச்சு. இதுல வேற கருத்து சொல்ற ஆய்வாளர்களும் இருக்காங்க. ஆனா ஒரு விஷயத்துல சந்தேகம் இல்லை. விலையேற்றத்துக்கு எதிரா கவசம் இருந்தவங்க நகரத்துல பிழைச்சாங்க, கவசம் இல்லாதவங்க செத்தாங்க. செத்தவங்களால எந்த அரசாங்கத்தையும் பதவியில இருந்து இறக்க முடியாது. ஏன்னா அவங்களுக்கு வோட்டே கிடையாது.

1955: ஆட்டோ டாப்-அப்

சுதந்திரம் வந்து, 1951-52-ல முதல் பொதுத் தேர்தல். 21 வயசான எல்லாருக்கும் வோட்டு. படிப்பு, சொத்து எதுவும் கேட்கலை. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

முதல் ஐந்தாண்டுத் திட்ட காலம் அமைதியா போச்சு. மழை நல்லா பெஞ்சுது. 1951-ல இருந்ததை விட 1956-ல விலைகள் குறைவாவே இருந்துச்சு. இன்னைக்கு நம்பக்கூட முடியாது!

அந்த அமைதியிலதான் ஒரு சின்ன ஏற்பாடு நுழைஞ்சுது. 1955-ல நிதி அமைச்சகமும் ரிசர்வ் வங்கியும் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தாங்க. ரிசர்வ் வங்கியில மத்திய அரசோட கணக்குல எப்பவும் குறைஞ்சது 50 கோடி ரூபாய் இருக்கணும். அதுக்குக் கீழ போனா, அரசு ஒரு தற்காலிகக் கடன் பத்திரத்தை ரிசர்வ் வங்கிக்குத் தரும், வங்கி உடனே பணத்தை நிரப்பிடும். இந்தப் பத்திரத்துக்கு 'அட்-ஹாக்' கருவூல உண்டியல்னு பேர்.

கோட் எழுதுறவங்களுக்கு இது உடனே புரியும். மெட்ரோ கார்டுல பேலன்ஸ் குறைஞ்சா தானா ரீசார்ஜ் ஆகுமே, அதே ஆட்டோ டாப்-அப். ஆனா மேல்வரம்பு போட மறந்துட்டாங்க. அவசரத்துக்கு வெச்ச ஒரு தற்காலிக ஹாட்ஃபிக்ஸ், புரொடக்‌ஷன்ல 42 வருஷம் ஓடுச்சு. அரசு எவ்வளவு கூடுதலா செலவு பண்ணாலும் கணக்குல பணம் தீராது. தீர்ந்தா புதுசா வரும். அப்படி வர்ற பணத்துக்கு எதிரா சந்தையில கூடுதலா அரிசியோ துணியோ வராதப்போ, விலை ஏறும்.

1967: ரூபாய்க்கு எத்தனை படி?

1965, 1966 ரெண்டு வருஷமும் அடுத்தடுத்து பருவமழை பொய்ச்சுது. அதுக்கு நடுவுல பாகிஸ்தானோட போர். திங்கட்கிழமை ராத்திரி ஒரு வேளை சாப்பாட்டை விட்டுக்கொடுங்கன்னு பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி மக்கள்கிட்ட கேட்டார். அமெரிக்காவுல இருந்து பி.எல்.480 திட்டத்துல கப்பல் கப்பலா கோதுமை வந்துச்சு. கப்பல் தாமதமானா அடுப்பு எரியாதுங்கிற நிலைமை. 1966 ஜூன் 6-ம் தேதி ரூபாயோட மதிப்பைக் குறைச்சாங்க. ஒரு டாலர் 4 ரூபாய் 76 பைசாவுல இருந்து 7 ரூபாய் 50 பைசா ஆச்சு. பணவீக்கம் 10 சதவீதத்தைத் தாண்டுச்சு.

அப்போ உணவு அமைச்சர் யார் தெரியுமா? நம்ம சி. சுப்பிரமணியம். வீரிய ரக விதை, விவசாயிக்கு உறுதியான கொள்முதல் விலை, தானியத்தை வாங்கிச் சேமிக்க ஒரு நிறுவனம்னு பசுமைப் புரட்சிக்கு அடித்தளம் போட்ட காலம் அது. இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில தொடங்குச்சு, அதோட முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூர்ல. ஆனா விதை முளைச்சு அரிசி தட்டுக்கு வர நாளாகும். தேர்தல் அதுக்கு முன்னாடியே வந்துடுச்சு.

1967. மெட்ராஸ் மாகாணமா இருந்து மாநிலமான இந்த ஊர்ல அரிசித் தட்டுப்பாடு. திமுக முன்வெச்ச வாக்குறுதி இது: ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம். இங்க படிங்கிறது அரிசி அளக்குற படி. பாருங்க, ஒரே சொல். வேலை இருக்குறவனுக்குக் காசுல வர்ற படி, வேலை இல்லாதவனுக்கு அரிசியில வர்ற படி. ரெண்டுமே விலைவாசியில இருந்து தப்பிக்கத்தான்.

காங்கிரஸ் தோத்துச்சு. விருதுநகர்ல காமராஜரே தோத்தார். விலைவாசி மட்டும்தான் காரணம்னு சொன்னா அது தப்பு. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தோட சூடு இருந்துச்சு, எதிர்க்கட்சிகளோட கூட்டணிக் கணக்கு இருந்துச்சு. ஆனா அதே தேர்தல்ல வடக்குலயும் பல மாநிலங்கள்ல காங்கிரஸ் பெரும்பான்மையை இழந்தது. அங்கெல்லாம் இந்தி எதிர்ப்பு கிடையாது, விலைவாசி இருந்துச்சு.

அண்ணா முதலமைச்சர் ஆனதும் சென்னையிலயும் கோயம்புத்தூர்லயும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கொடுத்தாங்க. மாநிலம் முழுக்கக் கொண்டுபோக கஜானாவுல காசு இல்லை. ஆனா இந்த ஊர் அரசியல்ல ஒரு விஷயம் நிரந்தரமா பதிஞ்சுடுச்சு: அரிசி விலை ஏறினா ஆட்சி போகும். 2008-ல ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய், 2011 ஜூன்ல இருந்து இலவசம். வெளியில அரிசி என்ன விலை ஏறினாலும் ரேஷன் கடையில விலை மாறாது. ஒரு வகையில பார்த்தா அகவிலைப்படி இல்லாதவங்களுக்கான அகவிலைப்படி அதுதான்.

1974: ஒரு ஹாஸ்டல் மெஸ் பில்

இன்ஜினீயரிங் படிச்சவங்களுக்கு மெஸ் பில் பத்திச் சொல்லவே வேண்டாம். நாங்களும் எங்க காலத்துல மெஸ் பில் ஏறினதுக்கு வார்டன் ரூம் முன்னாடி நின்னிருக்கோம். அதிகபட்சம் எங்களால ஒரு நாள் பூரியைக் கூடுதலா வாங்க முடிஞ்சுது. அகமதாபாத்ல 1973 டிசம்பர்ல இதே காரணத்துக்காகப் போராட்டத்துல இறங்கின மாணவர்கள் ஒரு முதலமைச்சரையே வீட்டுக்கு அனுப்பினாங்க.

எல்.டி. இன்ஜினீயரிங் காலேஜ். ஹாஸ்டல் சாப்பாட்டுக் கட்டணம் சுமார் 20 சதவீதம் ஏறுச்சு. மாணவர்கள் ஸ்ட்ரைக். மாசக் கணக்கு பார்த்துக் குடும்பம் நடத்துற நகரத்து மக்கள் எல்லாருக்கும் அது தங்களோட பிரச்சினைன்னு தோணுச்சு. ஊர் முழுக்கப் பரவுச்சு. நவநிர்மாண் இயக்கம்னு பேர் வந்துச்சு. 1974 பிப்ரவரி 9-ம் தேதி குஜராத் முதலமைச்சர் சிமன்பாய் படேல் ராஜினாமா செஞ்சார்.

ஏன் அப்படி விலை ஏறுச்சு? 1972-ல வறட்சி. 1973 அக்டோபர்ல மேற்காசியப் போர். அதுக்கப்புறம் சில மாசத்துக்குள்ள கச்சா எண்ணெய் பீப்பாய் 3 டாலர்ல இருந்து கிட்டத்தட்ட 12 டாலர். எண்ணெய் ஏறினா உரம் ஏறும், லாரி வாடகை ஏறும், கடைசியில கத்திரிக்காயும் ஏறும். 1974 மே மாசம் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம். ஏறக்குறைய 17 லட்சம் பேர் வேலை பார்த்த நிறுவனம் அது. சம்பளமும் டி.ஏ.வும் அந்தக் கோரிக்கைகள்ல முக்கியமானது. அரசு ஆயிரக்கணக்கானவங்களைக் கைது பண்ணி, இருபது நாளைக்குள்ள அதை உடைச்சுது.

அடுத்து ஜூலை மாசம் இந்திரா காந்தி அரசு சில அவசரச் சட்டங்களைக் கொண்டுவந்துச்சு. எந்த ஊழியருக்குச் சம்பளம் ஏறினாலும் ஏறின தொகை முழுக்க கட்டாய வைப்புத்தொகையில பூட்டப்படும். கூடுதலா வர்ற அகவிலைப்படியில பாதி அதே மாதிரி பூட்டப்படும். கம்பெனிகள் கொடுக்குற டிவிடெண்டுக்கும் கட்டுப்பாடு. ரிசர்வ் வங்கி தன் வங்கி விகிதத்தை 7-ல இருந்து 9 சதவீதம் ஆக்குச்சு. பணம் சந்தைக்கு வர்ற குழாயை எல்லாப் பக்கமும் இறுக்கினாங்க.

ரிசல்ட்? 1975-ல நல்ல மழையும் சேர்ந்துச்சு. 1974-ல 28 சதவீதமா இருந்த நுகர்வோர் விலையேற்றம், 1976-ல பூஜ்யத்துக்குக் கீழ போயிடுச்சு. மைனஸ் 7 சதவீதத்துக்கும் மேல. அதாவது விலைகள் நிஜமாவே இறங்குச்சு. ரெண்டே வருஷத்துல 28-ல இருந்து மைனஸுக்கு. உலகத்துல ரொம்ப அபூர்வமா நடக்குற விஷயம்.

இதைக் கொண்டாடுறதுக்கு முன்னாடி யார் தலையில பாரம் இறங்குச்சுன்னு பார்க்கணும். சங்கம் வெச்சிருந்த தொழிலாளியோட டி.ஏ.வைப் பிடிச்சுதான், சங்கம் இல்லாத கூலிக்காரனோட அரிசி விலையைக் குறைச்சாங்க. நடுவுல 1975 ஜூன்ல அவசரநிலை. அதனால விலை இறங்கினது தேர்தல் பயத்தாலயா, போராடுறவங்களை ஜெயில்ல வெச்சதாலயான்னு ஒரு கேள்வி இருக்கு. பிரேக் போட்டது அவசரநிலைக்கு ஒரு வருஷம் முன்னாடி, வீதியில கோபம் கொதிச்சப்போ, அடுத்த தேர்தல் 1976-ல வரணும்னு எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தப்போ. அதனால பயம் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். ஆனா 1977-ல விலை குறைஞ்சிருந்தும் மக்கள் இந்திராவைத் தோற்கடிச்சாங்க. வயிறு மட்டும் வோட்டுப் போடுறதில்லைன்னு அந்தத் தேர்தல் சொல்லுச்சு.

பிரேசில்ல ஏன் பிரேக் பிடிக்கலை?

இப்போ ஒரு ஒப்பீடு. பிரேசில்ல 1964-ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சுது. விலையேற்றத்தை ஒழிக்கிறதுக்குப் பதிலா அதோட வாழப் பழகுற ஒரு ஏற்பாட்டைச் செஞ்சாங்க. கடன் பத்திரம், வாடகை, சம்பளம், ஒப்பந்தம் எல்லாத்தையும் விலைக் குறியீட்டோட கட்டிவிட்டாங்க. விலை ஏறினா எல்லாம் தானா ஏறும். நாடு முழுக்க அகவிலைப்படி மாதிரி.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா போன மாச விலையேற்றம் இந்த மாச சம்பளத்துக்குள்ள வருது, இந்த மாச சம்பளம் அடுத்த மாச விலைக்குள்ள போகுது. மைக்கை ஸ்பீக்கர் பக்கத்துல வெச்சா கிளம்புற கூவல் மாதிரி அது தன்னைத்தானே பெருக்கிக்கும். அதோட, வங்கிக் கணக்கு இருந்த நடுத்தர வர்க்கம் தினசரி வட்டி வர்ற கணக்குல பணத்தைப் போட்டுத் தப்பிச்சுது. கையில ரொக்கமா வெச்சிருந்த ஏழைதான் கரைஞ்சு போனான். அவன் கோபம் வோட்டா மாறலாம்னா, எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கு பிரேசில்ல 1985 வரைக்கும் வோட்டுரிமையே கிடையாது.

1986-ல இருந்து 1994-க்குள்ள அவங்க அஞ்சு தடவை பணத்தையே மாத்தினாங்க. 1994 ஜூலையில வந்த 'ரியல்'தான் கடைசியா நின்னுச்சு. அந்தத் திட்டத்தைத் தொடங்கின நிதி அமைச்சர் பெர்னாண்டோ ஹென்ரிக் கார்டோசோ, அதே வருஷம் அக்டோபர்ல நாட்டோட அதிபரா ஜெயிச்சார். வோட்டு கைக்கு வந்ததும் ஏழைகள் என்ன கேட்டாங்கன்னு அதுலயே தெரியுது. அதே சமயம் 1985-க்கும் 1994-க்கும் நடுவுல கிட்டத்தட்ட பத்து வருஷம். வோட்டு வந்த உடனே எல்லாம் சரியாகிடலை. ஒருத்தரை ஒருத்தர் துரத்துற அந்தச் சுழலைக் கழட்ட அவ்வளவு நாள் ஆச்சு.

இந்தியாவுல அந்தச் சுழல் பெருசா உருவாகவே இல்லை. காரணம் கொஞ்சம் கசப்பானது. இங்க டி.ஏ. இருந்தது அரசு ஊழியர், வங்கி, பொதுத்துறை, பெரிய ஆலைகள்ல வேலை பார்த்த சின்ன கூட்டத்துக்கு மட்டும்தான். பத்துல ஒன்பது பேர் அமைப்புசாரா வேலையில இருந்தாங்க. விலை ஏறினா அவங்க கூலி தானா ஏறாது. தப்பிக்க வழி இல்லாத பெரும்பான்மை, கையில வோட்டு. அதனால பணவீக்கம் இரட்டை இலக்கத்தைத் தொட்டா எந்த ஆட்சிக்கும் வேர்க்கும். 1980 ஜனவரித் தேர்தல்ல இந்திரா காந்தி வெங்காய விலையைப் பேசியே பிரசாரம் பண்ணார். 1998-ல டெல்லியில பாஜக அரசு வெங்காயத்தாலயே ஆட்சியை இழந்தது. மழையும், பசுமைப் புரட்சியும், வெளிநாட்டு உதவியும் கைகொடுத்தது உண்மை. ஆனா திரும்பத் திரும்ப பிரேக்கை மிதிக்க வெச்சது இந்த பயம்தான்.

சத்தமில்லாம எடுத்த காசு

சரி, நோட்டு அளவில்லாம அடிக்கலைன்னா அரசு தன் பற்றாக்குறையை எப்படிச் சமாளிச்சுது? உங்க தாத்தாவோட ஃபிக்சட் டெபாசிட்டை வெச்சு.

1969 ஜூலையில 14 பெரிய வங்கிகளை நாட்டுடைமை ஆக்கினாங்க. வங்கிகள் தங்ககிட்ட வர்ற டெபாசிட்ல ஒரு பங்கை அரசுப் பத்திரங்கள்ல போட்டே ஆகணும்னு ஏற்கனவே விதி இருந்துச்சு. அந்தப் பங்கு 20 சதவீதத்துல தொடங்கி 1990-ல 38.5 சதவீதம் வரைக்கும் போச்சு. அது தவிர 15 சதவீதம் ரிசர்வ் வங்கியில ரொக்க இருப்பு. ஆக, நீங்க வங்கியில போட்ட 100 ரூபாய்ல 50-க்கு மேல அரசும் ரிசர்வ் வங்கியும் சொல்ற இடத்துக்குப் போயிடும், அவங்க சொல்ற வட்டிக்கு. பல வருஷங்கள்ல அந்த வட்டியை விட விலைவாசி வேகமா ஓடுச்சு.

இதை யாரும் வரின்னு சொல்லலை. பட்ஜெட்ல வரலை, யாரும் போராடவும் இல்லை. கணக்கு போட்டுப் பாருங்க. ஏழு சதவீதம்னா சுமார் பத்து வருஷத்துல விலை இரட்டிப்பாகும். அறுபது வருஷத்துல ஆறு இரட்டிப்பு. 2, 4, 8, 16, 32, 64. உங்க தாத்தா 1960-கள்ல பத்திரமா பெட்டியில வெச்ச 64 ரூபாய், இன்னைக்கு 1 ரூபாயோட வேலையைத்தான் செய்யும். நம்ம பாட்டிமார் தங்கத்தை விடாம பிடிச்சுக்கிட்டதை மூடநம்பிக்கைன்னு நான் முன்னாடி நினைச்சிருக்கேன். இந்தக் கணக்கு தெரிஞ்ச பிறகு அப்படி நினைக்க முடியலை.

1991-ல கஜானா காலி. சில வாரத்து இறக்குமதிக்குத்தான் டாலர் இருந்துச்சு. சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகள்கிட்ட அடகு வெச்சோம். அந்த வருஷம் பணவீக்கம் கிட்டத்தட்ட 14 சதவீதம். அந்த அடிக்கு அப்புறம்தான் 1955-ல எழுதின ஆட்டோ டாப்-அப் மேல கை வெச்சாங்க. 1994 செப்டம்பர்ல, மன்மோகன் சிங் நிதி அமைச்சரா, சி. ரங்கராஜன் ரிசர்வ் வங்கி ஆளுநரா இருந்தப்போ ஒரு ஒப்பந்தம் போட்டு அதுக்கு வரம்பு வெச்சாங்க. 1997 ஏப்ரல் முதல் அட்-ஹாக் முறையே இல்லை. செய்தித்தாள்ல பெருசா வராத மாற்றம். ஆனா அரசு கேட்டதும் தானா நோட்டு வர்ற குழாய் அன்னைக்குத்தான் மூடப்பட்டுச்சு.

நாலு சதவீதம்ங்கிற வாக்குறுதி

அப்புறமும் தூங்கிட்டோம். 2009-ல இருந்து 2013 வரைக்கும் நுகர்வோர் விலைகள் வருஷத்துக்குச் சராசரியா 10 சதவீதம் ஏறுச்சு. 2009-ல மோசமான மழை, உலகச் சந்தையில எண்ணெய் விலை, 2008 நெருக்கடிக்கு அப்புறம் அரசு தளர்த்திவிட்ட செலவு, பருப்பு பால் முட்டைக்குக் கூடின தேவை எல்லாம் சேர்ந்துச்சு. அந்த நேரத்துல ரிசர்வ் வங்கி முக்கியமா பார்த்துக்கிட்டு இருந்தது மொத்த விலைக் குறியீட்டை. வீட்டுல வாங்குற சாமானோட விலை ஒரு பக்கம், வங்கி பார்க்குற எண் இன்னொரு பக்கம். தப்பான டாஷ்போர்டைப் பார்த்துக்கிட்டு இருந்தாங்கன்னு சொல்லலாம். கிராமம், நகரம் ரெண்டையும் சேர்த்து நாடு முழுமைக்கும் ஒரே நுகர்வோர் விலைக் குறியீடு நமக்கு 2011-லதான் வந்துச்சு. 2014 தேர்தல்ல காங்கிரஸ் 44 இடத்துக்குச் சுருங்கினதுக்குப் பல காரணம் உண்டு, இந்த அஞ்சு வருஷ விலைவாசியும் அதுல ஒண்ணு.

2014 ஜனவரியில உர்ஜித் படேல் குழு, நுகர்வோர் விலையைத்தான் குறிக்கோளா வைக்கணும்னு பரிந்துரைச்சுது. 2016-ல ரிசர்வ் வங்கிச் சட்டத்தையே திருத்தினாங்க. குறிக்கோள் 4 சதவீதம், மேல கீழ 2 வரைக்கும் போகலாம். வட்டியை முடிவு பண்ண ஆறு பேர் குழு. தொடர்ந்து மூணு காலாண்டு தவறினா, ஏன் தவறினோம்னு ரிசர்வ் வங்கி அரசுக்கு எழுத்துல விளக்கம் தரணும். 2022-ல முதல் முறையா தவறினாங்க. நவம்பர்ல விளக்கமும் எழுதினாங்க. ஆனா அந்தக் கடிதத்தைப் பொதுமக்களுக்குக் காட்டலை. விலை ஏறி அடிவாங்கினது நாம, விளக்கம் போனது அரசாங்கத்துக்கு!

எனக்கு இந்த 4 சதவீதத்தை வேற மாதிரி பார்க்கத் தோணுது. டி.ஏ. இல்லாத எல்லாருக்கும் சேர்த்து அரசு சட்டத்துல எழுதிக்கொடுத்த ஒரு வாக்குறுதி இது. 'உங்க கூலியை விலையோட கட்ட எங்களால முடியாது, அதனால விலையைக் கட்டிவைக்க முயற்சி பண்றோம்'ங்கிற வாக்குறுதி.

அதுக்கு எல்லை இருக்கு. 2012-ஐ அடிப்படை ஆண்டா வெச்ச குறியீட்டுல உணவோட பங்கு கிட்டத்தட்ட 46 சதவீதம். வட்டியை ஏத்தினா மழை பெய்யாது, தக்காளி காய்க்காது. இன்னொரு எல்லை நம்மகிட்டயே இருக்கு. வோட்டு பெரிய அடிக்குத்தான் எழுந்திருக்கும். வெங்காயம் 100 ரூபாய் ஆனா டிவியில விவாதம் நடக்கும். ஆனா வருஷா வருஷம் ஆறு சதவீதம் ஏறிக்கிட்டே இருந்து, கூலி மட்டும் நாலு சதவீதம் ஏறினா யாரும் கண்டுக்க மாட்டாங்க. பத்து வருஷம் கழிச்சுப் பார்த்தா அந்தக் கூலியில அஞ்சுல ஒரு பங்கு கிட்டத்தட்ட காணாமப் போயிருக்கும். இந்தியா பணவீக்க வெடிப்புல இருந்து தப்பிச்சது உண்மை. கசிவுல இருந்து தப்பிக்கலை.

இதைக் கேட்குற நம்மள்ல பலருக்கும் டி.ஏ. கிடையாது. ஐ.டி.யில இருக்கோம், டெலிவரி பண்றோம், ஃப்ரீலான்ஸ் பண்றோம். அப்ரைசல்ல 8 சதவீதம் ஹைக்னு சொன்னா, அந்த வருஷ விலையேற்றத்தைக் கழிச்சு மிச்சம் என்னன்னு பாருங்க. அதுதான் உங்க நிஜமான ஹைக்.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தை கடைக்குப் போயிருந்தேன். ரெண்டு வருஷமா இட்லி விலையை ஏத்தவே இல்லையாம். "ஏத்துனா ஆட்டோக்காரத் தம்பிங்க மூணு சாப்பிடுற இடத்துல ரெண்டோட எழுந்துடுறாங்கடா"ன்னாங்க. அப்போ எப்படிக் கட்டுப்படியாகுதுன்னு கேட்டேன். பதில் சொல்லாம தட்டைப் பார்த்துச் சிரிச்சாங்க. அப்புறம்தான் கவனிச்சேன். இட்லி சின்னதாகியிருந்துச்சு.

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட 1974 எப்படி இருந்துச்சுன்னு கேட்டு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சில குரல்களைச் சேர்க்கலாம்.